ஓடுற இன்ஜினில் ஒரு ரிப்பேர்!

ஆஞ்சியோகிராம் முடிஞ்சாச்சு. டாக்டர் உங்களைத் தனியா உள்ளே கூப்பிடுறார். "அப்பாவுக்கு மூணு குழாயிலயும் அடைப்பு இருக்கு தம்பி. சுகர் வேற இருக்கு. ஸ்டென்ட் வைக்கிறதைவிட பைபாஸ்தான் பெட்டர். பீட்டிங் ஹார்ட்லயே பண்ணிடலாம்" என்கிறார். நீங்க பெரம்பலூர் பக்கம் ஏதோ ஒரு காலேஜ்ல செகண்ட் இயர் பி.காம். வீட்டுல ஓரளவு இங்கிலீஷ் தெரிஞ்ச ஒரே ஆள். அம்மா வெளியே பெஞ்சுல உட்கார்ந்து முந்தானையைக் கடிச்சுக்கிட்டு இருக்காங்க. கன்சென்ட் ஃபாரம் உங்க கையில.

பீட்டிங் ஹார்ட்னா என்ன பாஸ்?

கேட்டா, ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. "அது ஒண்ணுமில்ல, கத்தியே இல்லாம பண்றது" என்பார் ஒரு மாமா. "இதயத்தை வெளிய எடுத்து தட்டுல வெச்சுத் தைச்சுட்டுத் திரும்ப வைப்பாங்க" என்பார் டீக்கடைப் பெரியவர். ரெண்டுமே டூப். இந்த மேட்டரைத் தெரிஞ்சுக்க நீங்க மெடிக்கல் ஸ்டூடன்டா இருக்கணும்னு அவசியமில்லை. பெரம்பலூர்ல பஸ் ஏறின அனுபவம் இருந்தாலே போதும்.

<b>பைபாஸ்னா நம்மூர் பைபாஸ்தான்</b>

திருச்சியிலிருந்து சென்னை போற பாதி பஸ் ஊருக்குள்ள வராம, பைபாஸ்லயே பறந்துடும். ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு ரோட்டுல இறக்கிவிடுவாங்க, பையைத் தூக்கிக்கிட்டு நடக்கணும். அந்தக் கடுப்பு நமக்கெல்லாம் உண்டு. ஆனா லாஜிக் ரொம்ப சிம்பிள். ஊருக்குள்ள நெரிசல், சுத்திப் போக ஒரு புது ரோடு.

இதயத்துலயும் அதேதான். உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புற இதயத்துக்கே ரத்தம் வேணும். அதைக் கொண்டுவர்ற குழாய்களுக்குப் பேர் கரோனரி தமனி. இதயத்தோட மேல்பரப்புல கொடி மாதிரி படர்ந்திருக்கும். தைக்கிற இடத்துல அதோட உள் அகலம் ஒன்றரையிலிருந்து 2 மில்லிமீட்டர்தான். பால்பாயின்ட் பேனா ரீஃபில் இதைவிடத் தடிமன்! இதுக்குள்ள கொழுப்பு படிஞ்சு அடைச்சா, அதுக்குக் கீழே இருக்கிற தசைக்கு ரத்தம் போகாது. படியேறினா நெஞ்சு பிசையும். முழுசா அடைச்சா மாரடைப்பு.

பைபாஸ்ல அடைப்பை யாரும் சுரண்டி எடுக்கிறதில்லை. அது பாட்டுக்கு அங்கேயே கிடக்கும். அடைப்புக்கு அந்தப் பக்கம் ஒரு புதுக் குழாயைக் கொண்டுபோய் ஒட்டுவாங்க. குழாய் எங்கிருந்து வரும்? அப்பா உடம்புலேருந்தே. நெஞ்செலும்புக்குப் பின்னாடி இடது பக்கமா ஓடுற ஒரு தமனி இருக்கு. அதோட ஒரு முனையை மட்டும் அறுத்துக் கீழே இறக்கி, இதயத்தோட முன்பக்கக் குழாயில தைப்பாங்க. இதுதான் இருக்கிறதுலயே கெட்டிக்காரக் குழாய். 10 வருஷம் கழிச்சும் 100-ல 90-க்கு மேல திறந்தே இருக்கும். மத்த இடங்களுக்குக் காலிலிருந்து எடுத்த ரத்தநாளம். அது கொஞ்சம் சுமார், 10 வருஷத்துல பாதிக்குப் பக்கம் அடைச்சுக்கும். 'கால்ல எதுக்கு இவ்ளோ நீளத் தையல்?'னு பார்க்க வர்ற சொந்தக்காரங்க கேட்டா, இனிமே நீங்க கெத்தா பதில் சொல்லலாம்.

சரி, 2 மில்லிமீட்டர் குழாயில இன்னொரு குழாயைத் தைக்கணும். தலைமுடி அளவு நூல், கண்ணுல பூதக்கண்ணாடி. இதுல ஒரு சிக்கல். இதயம் சும்மா இருக்காதே! நிமிஷத்துக்கு எழுபது தடவை துள்ளும். ஒரு நாளைக்கு 1 லட்சம் தடவை. அரியலூர் போற டவுன் பஸ்ல, மேடு பள்ளத்துல, நின்னுக்கிட்டே ஊசியில நூல் கோத்துப் பாருங்க. அப்போ தெரியும்.

<b>முதல் வழி: இன்ஜினை ஆஃப் பண்ணு</b>

டாக்டர்கள் கண்டுபிடிச்ச ஒரு வழி, பஸ்ஸை நிறுத்திடறது. அதாவது இதயத்தை!

1953 மே மாசம், அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல ஜான் கிப்பன்னு ஒரு டாக்டர், 18 வயசுப் பொண்ணு ஒருத்தரோட இதயத்துல இருந்த ஓட்டையை அடைச்சார். அந்த நேரத்துல அவங்க இதயம், நுரையீரல் ரெண்டோட வேலையையும் ஒரு மெஷின் பார்த்துக்கிச்சு. ஹார்ட்-லங் மெஷின். உடம்பிலிருந்து வர்ற அழுக்கு ரத்தத்தைக் குழாய் வழியா வாங்கி, ஆக்சிஜன் ஏத்தி, திரும்ப மகாதமனிக்கு அனுப்புற பம்ப். அந்த நேரத்துல பொட்டாசியம் கலந்த ஒரு திரவத்தை இதயத்துக்குள்ள விட்டா, அது அமைதியா நின்னுடும். டாக்டர் நிதானமா தைக்கலாம். முடிஞ்சதும் ரத்தத்தைத் திருப்பி விட்டா இதயம் மறுபடி துடிக்கும். சில சமயம் ஒரு சின்ன ஷாக் தேவைப்படும்.

இந்த மெஷினை வெச்சுதான் பைபாஸ் உலகம் முழுக்கப் பரவிச்சு. அதுல பெரிய பேர் ரெனே ஃபவலோரோ. அர்ஜென்டினாக்காரர். டாக்டர் படிப்பு முடிச்சதும், நம்ம வேப்பந்தட்டை, செந்துறை மாதிரி ஒரு கிராமத்துல 12 வருஷம் ஊசி போட்டு, பிரசவம் பார்த்தவர். அப்புறம் அமெரிக்காவுல க்ளீவ்லண்ட் க்ளினிக் போய், 1967-ல் கால் ரத்தநாளத்தை வெச்சு பைபாஸ் செய்து காட்டினார். கிராமத்து டாக்டருக்கு எதிர்காலம் இல்லைன்னு சொல்றவங்களுக்கு இவர் பேரைச் சொல்லுங்க.

நம்ம நாட்டுல முதல் பைபாஸ் எங்கே நடந்ததுன்னு யாராவது க்விஸ்ல கேட்டா டெல்லி, மும்பைன்னு உளறிடாதீங்க. பெரம்பூர்! நம்ம ஊர்ப் பேர்ல நடுவுல இருக்கிற 'ல'வை மட்டும் எடுத்துடுங்க. சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில, 1975-ல், டாக்டர் கே.எம்.செரியன் செய்தார். ரயில்வேக்காரங்களுக்குன்னு கட்டின அரசாங்க ஆஸ்பத்திரி அது. பின்னாடி மெட்ராஸ் மெடிக்கல் மிஷன்ல இதய மையம், ஃப்ரன்டியர் லைஃப்லைன்னு அவர் ஆரம்பிச்ச இடங்கள்ல இந்தியா முழுக்கப் போன சர்ஜன்கள் தயாரானாங்க. 2025 ஜனவரியில 82 வயசுல காலமானார். பெரம்பலூர் டவுனுக்கு இன்னும் ரயிலே வரலை. ஆனா ரயில்வே ஆஸ்பத்திரியில ஆரம்பிச்ச பைபாஸ் நம்ம தெருவுக்கே வந்துடுச்சு, நெஞ்சுல நேர்கோடு போட்ட ஒரு தாத்தாவாவது ஒவ்வொரு தெருவிலும் இருக்கார்!

<b>ரெண்டாவது வழி: ஓடட்டும், பிடிச்சுக்கலாம்</b>

மெஷின் சூப்பர்தான். ஆனா சும்மா வராது. ரத்தம் பிளாஸ்டிக் குழாயைத் தொட்டதும் உறையப் பார்க்கும், அதனால உறையாம இருக்க மருந்தை நிறையக் கொடுக்கணும். மெஷின் குழாய்களை நிரப்பவே ஒன்றரை லிட்டர் அளவுக்குத் திரவம் போகுது, ரத்தம் நீர்த்துப்போகும். உடம்பு முழுக்க ஒரு அழற்சி கிளம்பும். சிறுநீரகம் ஏற்கெனவே வீக்கா இருந்தா இன்னும் வீக் ஆகலாம். மகாதமனியில கவ்வி போட்டு எடுக்கும்போது, அங்கே ஒட்டியிருக்கிற சுண்ணாம்புத் துணுக்கு கழண்டு மூளைக்குப் போனா பக்கவாதம். ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு ஞாபகம் மந்தமாகுதுன்னு சொல்லி, 'பம்ப்ஹெட்'னு அதுக்கு ஒரு செல்லப் பேரே வெச்சாங்க.

அப்போதான் ஒரு கேள்வி. மெஷினே இல்லாம, துடிக்கிற இதயத்துலயே தைச்சா?

வேடிக்கை என்னன்னா, இது புது ஐடியாவே இல்லை. ஃபவலோரோவுக்கு 3 வருஷம் முன்னாடியே, 1964 பிப்ரவரி 25-ல், ரஷ்யாவுல லெனின்கிராட் நகரத்துல வாசிலி கோலெசோவ்ங்கிறவர் நெஞ்சுத் தமனியை இறக்கி, துடிச்சுக்கிட்டிருந்த இதயத்துலயே தைச்சுட்டார். மெஷின் கிடையாது. அவர் ஊர்லயே பெரிசா யாரும் கண்டுக்கலை. அப்புறம் மெஷின் வந்து ஈஸியாக்கினதும், உலகமே அந்தப் பக்கம் சாய்ஞ்சிடுச்சு. 80-கள்ல அர்ஜென்டினாவுல பெனெட்டி, பிரேசில்ல பஃபோலோன்னு ரெண்டு பேர் இந்தப் பழைய வித்தையைத் தூசு தட்டி எடுத்தாங்க. மெஷின் செலவு கட்டுப்படியாகாத நாடுகள்லதான் இது திரும்ப முளைச்சதுங்கிறதைக் கவனிங்க.

ஆனா துள்ளுற இதயத்தை எப்படிப் பிடிக்கிறது? ஆரம்பத்துல மருந்து கொடுத்து துடிப்பை மெதுவாக்கி, தையல் போட்டு இழுத்துப் பிடிச்சு சமாளிச்சாங்க. 90-கள்ல நெதர்லாந்துல உத்ரெக்ட் நகரத்துல போர்ஸ்ட்ங்கிறவரோட டீம் ஒரு கருவி கொண்டுவந்தது. பேரு ஆக்டோபஸ்! பேருக்கேத்த மாதிரி ஒரு கை, அதோட நுனியில ரெண்டு விரல் மாதிரி பட்டை, பட்டையில வரிசையா உறிஞ்சுற கிண்ணங்கள். தைக்க வேண்டிய குழாய்க்கு ரெண்டு பக்கமும் இந்தப் பட்டையை வெச்சு உறிஞ்சவிட்டா, அந்தக் கட்டைவிரல் அகல இடம் மட்டும் கிட்டத்தட்ட அசையாம நிக்கும். மிச்ச இதயம் அது பாட்டுக்குத் துடிச்சுக்கிட்டே இருக்கும். ஓடுற பஸ்ல உங்க சீட் மட்டும் ஆடாம இருந்தா எப்படி? அப்படி!

இனி தியேட்டருக்குள்ள போவோம். (சினிமா தியேட்டர் இல்லை!) மயக்க மருந்து கொடுத்தாச்சு. நெஞ்செலும்பை நடுவுல ரம்பத்தால பிளக்கிறாங்க. ஆமாம், 'பீட்டிங் ஹார்ட்'லயும் நெஞ்சைத் திறந்துதான் ஆகணும். கத்தியே இல்லைன்னு சொன்ன மாமாவுக்கு இதைச் சொல்லிடுங்க. விலா நடுவுல சின்னதா வெட்டிச் செய்றது வேற ரகம், அது எல்லாருக்கும் ஒத்துவராது. முதல்ல முன்பக்கக் குழாய். அது ஈஸி, கண்ணுக்கு நேராவே இருக்கு. தைக்கிற இடத்துக்கு மேல குழாயைச் சுருக்குப் போட்டு ரத்தத்தை நிறுத்துவாங்க, இல்லைன்னா குழாய்க்குள்ள தக்கையூண்டு சிலிக்கான் குழாய் ஒண்ணைச் செருகி, ரத்தம் ஓட ஓடவே தைப்பாங்க. கசியுற ரத்தம் கண்ணை மறைக்கக் கூடாதுன்னு பக்கத்துல ஒருத்தர் கார்பன் டை ஆக்சைடும் உப்புத் தண்ணிச் சாரலும் சேர்த்து ஊதிக்கிட்டே இருப்பார். ஒரு இணைப்புக்கு 10, 15 நிமிஷம்.

கஷ்டமே இதயத்தோட பின்பக்கத்துலதான். அங்கே தைக்கணும்னா இதயத்தையே தூக்கி நிமிர்த்தணும். இதயம் வெளியே வர்றதில்லை, இருக்கிற இடத்துலயே நுனியை மேல திருப்புறாங்க. அப்படித் திருப்பினதும் பிரஷர் சரசரன்னு இறங்கும். இந்த நேரத்துல ஹீரோ சர்ஜன் இல்லை, தலைமாட்டுல நிக்கிற மயக்க மருந்து டாக்டர். டேபிளைத் தலைப்பக்கம் தாழ்த்து, மருந்தைக் கூட்டு, 'சார், கொஞ்சம் இறக்குங்க, பிரஷர் வரட்டும்'னு குரல் கொடு. சர்ஜன் இதயத்தைத் திரும்பக் கீழே வைப்பார், ரெண்டு நிமிஷம் வெயிட் பண்ணுவார், மறுபடி தூக்குவார். இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல பழகின புரிதல் இல்லைன்னா ஆக்டோபஸ் இருந்தும் பிரயோஜனமில்லை.

ஒருவேளை சமாளிக்க முடியலைன்னா? மெஷின் ரூம்லயே ரெடியா நிக்கணும். நடுவுல 'மாத்திக்கலாம்'னு முடிவெடுக்கிறது தோல்வி இல்லை. ஆனா அவசர அவசரமா மாத்த வேண்டி வந்தா ஆபத்து ஜாஸ்தி.

<b>அப்போ எது பெஸ்ட்?</b>

ரஜினியா கமலா மாதிரி, சர்ஜன்கள் இதை வெச்சு 20 வருஷமா அடிச்சுக்கிட்டாங்க. கடைசியில 'ஆராய்ச்சி பண்ணிப் பார்த்துடலாம்'னு சீட்டுக் குலுக்கிப் போட்டு நோயாளிகளை ரெண்டு குரூப்பா பிரிச்சு, வருஷக்கணக்கா பின்தொடர்ந்தாங்க. மூணு முக்கியமான ரிசல்ட் இருக்கு.

ஒண்ணு, 'ரூபி'. அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகள்ல 2,203 பேர். 2009-ல் ரிசல்ட் வந்தப்போ, துடிக்கிற இதயக் கட்சிக்கு அதிர்ச்சி. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, மெஷின்ல செய்த இணைப்புகள்ல 87.8 சதவீதம் திறந்திருந்தது, மெஷின் இல்லாம செய்ததுல 82.6 சதவீதம்தான். 5 வருஷத்துல இறந்தவங்க மெஷின் குரூப்ல 11.9 சதவீதம், மெஷின் இல்லாத குரூப்ல 15.2 சதவீதம். ஞாபகம் மந்தமாகிற விஷயத்துலயும் எதிர்பார்த்த லாபம் கிடைக்கலை.

ரெண்டு, 'கரோனரி' ஆய்வு. கனடாக்காரங்க நடத்தினாங்க, இந்தியா உட்பட 19 நாடுகள், 4,752 பேர். 2012-ல் வந்த முதல் ரிசல்ட்லயும், 2016-ல் வந்த 5 வருஷ ரிசல்ட்லயும் ரெண்டு குரூப்புக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. மெஷின் இல்லாதவங்களுக்கு ரத்தம் ஏத்த வேண்டி வந்தது குறைவு (50.7 சதவீதம், அந்தப் பக்கம் 63.3). ஆபரேஷனை ஒட்டி சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் குறைவு. ஆனா முதல் மாசத்துலயே மறுபடி அடைப்பைச் சரிபண்ண வேண்டியவங்க கொஞ்சம் கூடுதல்.

மூணாவது ஜெர்மனியில, 75 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்க மட்டும் 2,539 பேர். 2013-ல் வந்த தீர்ப்பு: டிரா.

ஏன் ரூபியில மட்டும் அடி வாங்கிச்சு? இங்கேதான் உங்களுக்கான பாயின்ட். ரூபியில சேர்ந்த சர்ஜன்கள் 20 பீட்டிங் ஹார்ட் கேஸ் செய்திருந்தாலே போதும்னு விதி. நிறைய ஆபரேஷன்ல பயிற்சி டாக்டர்களும் கை வெச்சாங்க. 100-க்கு 12 பேருக்கு நடுவழியில மெஷினுக்கு மாத்த வேண்டியிருந்தது. கரோனரி ஆய்வுலயோ, குறைஞ்சது 100 கேஸ் பார்த்த கைதான் தொடலாம். அங்கே பாதியில மாறினது 8 பேருக்குப் பக்கம். எண்ணிக்கை சொல்ற கதை புரியுதா? முறையைவிட கைப்பழக்கம் முக்கியம். ஒரே மெக்கானிக்தான், ஆனா ஸ்ப்ளெண்டரைக் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டுறவர், புல்லட்டைத் தொட்டா முழிப்பாரில்லையா? அதேதான்.

அமெரிக்காவுல 2002-ல் 100 பைபாஸ்ல 23 மெஷின் இல்லாம நடந்தது. 2012-ல் அது 17-ஆ இறங்கிடுச்சு. இந்தியாவுல கதை வேற. இங்கே பாதிக்கும் மேல பீட்டிங் ஹார்ட்தான். மெஷினுக்கு ஒரு தடவை போட்டுத் தூக்கி எறியுற குழாய், ஆக்சிஜனேட்டர் செலவு மிச்சம், ரத்தப் பாட்டில் மிச்சம். நம்ம சர்ஜன்கள் தினம் தினம் செய்றதால கையும் பழகிடுச்சு. அதனால 'அமெரிக்காவுல குறைச்சுட்டாங்களே, இங்கே ஏன்?'னு பதறவும் வேண்டாம், 'பீட்டிங் ஹார்ட்னா லேட்டஸ்ட், அதனால பெஸ்ட்'னு ஃப்ளெக்ஸ் போர்டைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 1964-லேயே வந்த சமாச்சாரம், லேட்டஸ்ட்டாம்!

<b>அந்த ஃபாரம்ல கையெழுத்துக்கு முன்னாடி</b>

டாக்டர்கிட்ட கேள்வி கேட்டா கோவிச்சுக்குவாரோன்னு நம்மூர்ல ஒரு பயம். மரியாதையா கேட்டா எந்த நல்ல சர்ஜனும் கோவிச்சுக்க மாட்டார். "சார், நீங்க வழக்கமா எந்த முறையில பண்றீங்க? அப்பாவுக்கு ஏன் இந்த முறை?" இது முதல் கேள்வி. அவர் வழக்கமா மெஷின்ல பண்றவர்னா, 'பீட்டிங் ஹார்ட்லதான் பண்ணணும்'னு நீங்க அடம்பிடிக்காதீங்க. அது அப்பாவை வெச்சு எடுக்கிற ரிஸ்க். மகாதமனியில சுண்ணாம்பு கெட்டியா படிஞ்சிருக்கா, கிரியாட்டினின் ஏறியிருக்கா, முன்னாடி பக்கவாதம் வந்திருக்கான்னு கேளுங்க. இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் மகாதமனியைத் தொடாமலே செய்ற பீட்டிங் ஹார்ட் உண்மையிலேயே கைகொடுக்கும். எத்தனை இணைப்பு போடப்போறாங்க, நெஞ்சுத் தமனியைப் பயன்படுத்துறாங்களா, மெஷினும் அதை ஓட்டுறவரும் தயாரா இருப்பாங்களான்னும் கேட்டு வெச்சுக்கோங்க. பாதியில முறை மாறலாம்னு ஃபாரத்துல இருந்தா பயந்துடாதீங்க. அது இருந்தாதான் நல்லது.

'ஸ்டென்ட் போட்டா ஈஸியா முடிஞ்சிருக்குமே'ன்னு அத்தை ஆரம்பிப்பாங்க. ஒரு குழாய், ரெண்டு குழாய்னா பல சமயம் அதுவே போதும். ஆனா சுகர் இருந்து, பல குழாய்ல அடைப்பும் இருந்தா பைபாஸ்தான் கூடுதல் வருஷம் கொடுக்குதுன்னு 2012-ல் வந்த 'ஃப்ரீடம்' ஆய்வு, 1,900 பேரை வெச்சுச் சொல்லிடுச்சு. நம்மாளுங்களுக்குச் சுகரும் சீக்கிரம், மாரடைப்பும் சீக்கிரம். முதல் மாரடைப்பு வர்ற சராசரி வயசு தெற்காசியாவுல 53, மத்த நாடுகள்ல 59-க்குப் பக்கம்னு 52 நாடுகள்ல எடுத்த 'இன்டர்ஹார்ட்' கணக்கு சொல்லுது. 53 வயசுன்னா, சிமென்ட் ஃபேக்டரியில ஷிஃப்ட் பார்க்கிற அப்பா. சின்ன வெங்காயம் போட்டு, விலை ஏறுமா ஏறாதான்னு காத்திருக்கிற அப்பா. தங்கச்சி இன்னும் பிளஸ் டூ.

பணம்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல பைபாஸ் உண்டு. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும். கார்டு எடுக்கலைன்னா, நெஞ்சுவலி வந்த ராத்திரியில கலெக்டர் ஆபீஸ் கேட்டை ஆட்டிக்கிட்டு நிக்காம, இப்பவே ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழோட போய் எடுத்து வெச்சுடுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி, அந்த ஆஸ்பத்திரி திட்டத்துல பைபாஸுக்குச் சேர்ந்திருக்கான்னு காப்பீட்டு கவுன்டர்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

ஒண்ணு மட்டும் குழப்பிக்காதீங்க. பைபாஸ் பெரும்பாலும் நாள் குறிச்சுச் செய்றது. மாரடைப்பு அப்படி இல்லை. செந்துறையிலயோ குன்னத்துலயோ நடுராத்திரி நெஞ்சுல யானை உட்கார்ந்த மாதிரி வலி, வேர்வைன்னா 'கேஸ் ட்ரபிள்'னு சோடா குடிக்கிற வேலை வேண்டாம். 108-க்கு அடிங்க. பெரம்பலூர்லேருந்து திருச்சி சுமார் 60 கிலோமீட்டர், ஜெயங்கொண்டம் பக்கம்னா இன்னும் தூரம். அந்தத் தூரத்துக்காகத்தான் 2023 ஜூன்ல 'இதயம் காப்போம்'னு ஒரு திட்டம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை நிலையத்துலயும் ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8, ஆக 14 மாத்திரையை முதல் டோஸா கொடுத்து, மேல அனுப்புறது. அரியலூர்ல 2022-ல் அரசு மெடிக்கல் காலேஜும் வந்தாச்சு. (2001-ல் தனி மாவட்டம், 2002-ல் திரும்பப் பெரம்பலூரோட, 2007-ல் மறுபடி தனியா. அரியலூருக்கே ரெண்டு தடவை ஆபரேஷன் நடந்திருக்கு, தாங்கிக்கிச்சு!)

<b>ரெண்டு பாட்டில் ரத்தம், ஒரு தலையணை</b>

ஆபரேஷனுக்கு ரத்தம் ஏற்பாடு பண்ணச் சொல்வாங்க. பீட்டிங் ஹார்ட்ல தேவை குறையலாம், ஆனா ஸ்டாக் இருந்தே ஆகணும். இங்கேதான் காலேஜ் பசங்களோட பவர். 18 வயசு, 45 கிலோவுக்கு மேல எடை, ஹீமோகுளோபின் ஓகேன்னா, என்.எஸ்.எஸ். குரூப்ல ஒரு மெசேஜ், ஹாஸ்டல்ல ஒரு ரவுண்டு, ஒரு வேன் நிறைய ஆள் ரெடி. எந்த குரூப்பா இருந்தாலும் பிளட் பேங்க்ல கொடுத்துட்டு மாத்தி வாங்கிக்கலாமான்னு கேளுங்க, பல இடத்துல ஒத்துக்கிறாங்க.

முடிஞ்சு வெளியே வந்ததும் அப்பாவைப் பார்த்துப் பயந்துடாதீங்க. வாயில குழாய், கழுத்துல குழாய், நெஞ்சுக்குக் கீழே ரெண்டு குழாய், முகம் கொஞ்சம் வீங்கி இருக்கும். மறுநாளே உட்கார வைப்பாங்க. இருமச் சொல்வாங்க. இருமும்போது நெஞ்சுல ஒரு தலையணையைக் கட்டிப்பிடிச்சுக்கணும். எலும்பைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருக்கு, அது ஒட்டிச் சேர 6 முதல் 8 வாரம் ஆகும். பீட்டிங் ஹார்ட்டா இருந்தாலும் இதுல டிஸ்கவுன்ட் கிடையாது. அதுவரைக்கும் தண்ணிக் குடம் தூக்கக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது, மோட்டார் ஷெட் ஷட்டரை இழுக்கக் கூடாது. "எனக்கு ஒண்ணுமில்லடா"ன்னு 15-வது நாளே வண்டிச் சாவியைத் தேடுவார். சாவி உங்க பாக்கெட்ல இருக்கட்டும்.

மூணாவது, நாலாவது வாரத்துல சில அப்பாக்கள் காரணமே இல்லாம உம்முனு ஆயிடுவாங்க. சாப்பாடு வேண்டாம்பார், டி.வி. சத்தத்துக்குக் கத்துவார், சிலர் அழக்கூடச் செய்வாங்க. 'அப்பா அழுது பார்த்ததே இல்லையே'ன்னு வீடே ஆடிப்போகும். இது பைபாஸ் ஆனவங்கள்ல சகஜமா பார்க்கிற ஒண்ணு. செக்கப்ல டாக்டர்கிட்ட வெட்கப்படாம சொல்லுங்க, பெரும்பாலும் சரியாயிடும். பீடி, சிகரெட்டுக்கு மட்டும் ஒரேயடியா கும்பிடு. புதுசா போட்ட குழாயை அடைக்கிறதுல அதுக்கு ஈடு கிடையாது. ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை ரெண்டையும் 'நல்லா ஆயிட்டேன்'னு நிறுத்தக் கூடாது.

கடைசியா, தம்பி தங்கச்சி யாராவது பிளஸ் டூவுல பயாலஜி எடுத்துட்டு, எம்.பி.பி.எஸ். கிடைக்கலைன்னு மூலையில உட்கார்ந்திருந்தா ஒரு தகவல். அந்த ஹார்ட்-லங் மெஷினை ஓட்டுறது டாக்டர் இல்லை, பெர்ஃப்யூஷனிஸ்ட். அதுக்குன்னே பி.எஸ்ஸி. கார்டியோ பல்மனரி பெர்ஃப்யூஷன்னு படிப்பு இருக்கு. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கீழே, அரசுக் கல்லூரியிலும் சேரலாம். பாராமெடிக்கல் கவுன்சலிங்ல பெயர் தெரியாததாலேயே பலர் தாண்டிப் போயிடுற கோர்ஸ். பீட்டிங் ஹார்ட் வந்ததால இவங்களுக்கு வேலை போயிடலை. வால்வு ஆபரேஷன், குழந்தைங்களோட இதய ஓட்டை எல்லாத்துக்கும் மெஷின் வேணும். மெஷின் இல்லாத பைபாஸ்லயும் இவங்க தியேட்டருக்குள்ளயே, குழாயெல்லாம் மாட்டித் தயாரா, சர்ஜன் கையையும் மானிட்டர்ல பிரஷரையும் மாறி மாறிப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. பெரும்பாலான நாள், மெஷினைத் தொடாமலே வீட்டுக்குப் போவாங்க.